"எந்த இடத்துல நிக்கிறீங்க?": நெடுஞ்சாலையில் புதிதாக வண்டி எடுப்பவர்களுக்கு

உளுந்தூர்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். இரவு பதினொன்றரை மணி. முன்சக்கரம் வெடித்து வண்டியை ஓரம் கட்டினேன். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் எந்த நேரத்திலும் உதவிக்குக் கூப்பிடுகிற 1033 எண்ணை அழைத்தேன்.

"எந்த இடத்துல நிக்கிறீங்க சார்?"

"உளுந்தூர்பேட்டை தாண்டி..."

"தாண்டி எவ்வளவு தூரம்? திருச்சி போற பக்கமா, சென்னை போற பக்கமா? கிலோமீட்டர் கல்லுல என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாருங்க."

போனில் என் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி தெரிகிறது. அதை வாயால் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. நெட் அறுந்து அறுந்து வந்ததால் லொக்கேஷன் அனுப்பவும் முடியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்த வழியே நடந்தேன். புல்லுக்குள் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கல். அதில் 4 என்று மட்டும் எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் நடந்தபோது மஞ்சள் தலையோடு பெரிய கல் ஒன்று நின்றது. இரண்டையும் பார்த்துச் சொன்னேன். "போதும் சார், வண்டி வந்துடும்" என்றார். சொன்னபடியே வந்தது.

பத்து வருடம் அந்தச் சாலையில் ஓட்டியிருக்கிறேன். அந்தக் கற்களை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். இந்த வருடம் அக்கா மகன் லைசென்ஸ் எடுத்து, தாம்பரத்திலிருந்து திருச்சிக்குத் தனியாகப் போக வேண்டும் என்றதும், முதல் தடவை நானும் கூட உட்கார்ந்து போனேன். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். போனில் மேப் போட்டுக்கொண்டே போங்கள், தவறில்லை. அது எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை மட்டும் நீங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

புறப்படும் முன் ஒரு துண்டுச் சீட்டு

கையால் எழுதுங்கள். எழுதினால்தான் மனதில் நிற்கும். மூன்று வரிசை போதும்: ஊர்கள், டோல்கேட்டுகள், ஆறுகள்.

தாம்பரத்திலிருந்து திருச்சிக்கு என்றால் ஊர்கள் செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, தொழுதூர், பெரம்பலூர், சமயபுரம். டோல்கேட்டுகள் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம். ஆறுகளில் செங்கல்பட்டு தாண்டியதும் பாலாறு, விழுப்புரம் தாண்டித் தென்பெண்ணை, தொழுதூர்ப் பக்கம் வெள்ளாறு, திருச்சிக்குள் நுழையும்போது கொள்ளிடமும் காவிரியும்.

ஆற்றை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், நாலுவழிச் சாலை இப்போது எந்த ஊருக்குள்ளும் போவதில்லை. ஊரைப் பார்க்காமலேயே ஊரைக் கடந்துவிடுகிறோம். பாலத்தை அப்படிக் கடக்க முடியாது. பாலத்தின் முன்னால் ஆற்றின் பெயர்ப்பலகையும் இருக்கும். தண்ணீர் இல்லாவிட்டாலும் மணல் தெரியும்.

முதலில் வடிவம், அப்புறம் நிறம், கடைசியாக எழுத்து

புதிதாக ஓட்டுபவர்கள் பலகையில் உள்ள எழுத்தைப் படிக்கப் பார்க்கிறார்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போய்விடும். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் கிடையாது. அதனால்தான் வடிவத்துக்கே ஒரு பொருள் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

வட்டம் என்றால் கட்டளை. சிவப்பு வளையம் போட்ட வட்டம் செய்யாதே என்கிறது அல்லது இதற்கு மேல் போகாதே என்கிறது. வேக வரம்பு, முந்தத் தடை, நுழையத் தடை எல்லாம் அதற்குள் வரும். முழு நீல வட்டம் இதைச் செய்தே ஆக வேண்டும் என்கிறது. சிவப்புக் கரை போட்ட முக்கோணம் எச்சரிக்கை: வளைவு, பள்ளிக்கூடம், குறுகும் பாலம், ரயில்வே கேட். நீலச் செவ்வகம் தகவல்: பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரி, சாப்பாடு. இவற்றில் நேரமில்லாதபோது வட்டத்தையும் முக்கோணத்தையும் மட்டும் பார்த்தால் போதும். செவ்வகத்தைத் தவறவிட்டால் ஒரு டீதான் தள்ளிப்போகும்.

இரண்டு பலகைகளுக்கு மட்டும் வேறு எதற்கும் இல்லாத வடிவம் உண்டு. எண்கோணம் என்றால் நில். தலைகீழ் முக்கோணம் என்றால் வழிவிடு. மேலே புழுதி படிந்திருந்தாலும், போஸ்டர் ஒட்டியிருந்தாலும், எதிர்த்திசையிலிருந்து முதுகை மட்டும் பார்த்தாலும் தெரிய வேண்டும் என்பதற்காகவே இப்படி. நீங்கள் போகிற சாலையில் குறுக்கே சேரும் கிளைச்சாலையில் எண்கோணத்தின் முதுகு தெரிந்தால், அங்கிருந்து வருபவர் நிற்க வேண்டியவர் என்று புரியும். நின்றுவிடுவார் என்று நம்பிவிடாதீர்கள், அது வேறு விஷயம்.

படங்களைப் பற்றி ஒன்று. கேட் இல்லாத ரயில்வே கிராசிங்குக்கான பலகையில் இன்னும் புகைவண்டி எஞ்சின்தான். நீராவி எஞ்சினையே பார்த்திராத என் மருமகன் அதைப் பார்த்த மாத்திரத்தில் "ரயில்வே கிராசிங் வருது மாமா" என்கிறான். படம் ஒரு தடவை மனதில் பதிந்துவிட்டால் போதும், அதில் உள்ள பொருள் உலகத்தில் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

பச்சைப் பலகையும் இடது ஓரமும்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நெடுஞ்சாலையில் ஊர்ப்பெயர்கள் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் வரும். சுற்றுலாத் தலங்களுக்குக் காப்பிக்கொட்டை நிறப் பலகை. சாலைக்கு மேலே குறுக்காகக் கட்டியிருக்கும் பெரிய பலகையில் கீழ்நோக்கிய அம்பு இருந்தால், அந்த அம்புக்கு நேர் கீழே உள்ள தடத்தில் நீங்கள் இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஊருக்குள் போக வேண்டுமானால் மேம்பாலம் ஏறுவதற்கு முன்பே இடதுபக்கம் சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கிவிட வேண்டும். ஊர் வலதுபக்கம் இருந்தாலும் இடதுபக்கம்தான் இறங்க வேண்டும். இறங்கி, பாலத்துக்கு அடியில் புகுந்து வலதுபக்கம் போக வேண்டும். இதை முதன்முதலில் கேட்பவர் யாரும் நம்புவதில்லை. பெரம்பலூருக்குள் போய்ச் சாப்பிடலாம் என்று மருமகனிடம் சொன்னேன். பச்சைப் பலகையும் வந்தது, இடது அம்பும் இருந்தது. அவன் வலது தடத்திலேயே போய்க்கொண்டிருந்தான்.

"டேய், எறங்கு, எறங்கு."

"ஊரு அந்தப் பக்கம்ல மாமா இருக்கு?"

அவன் கேட்டு முடிப்பதற்குள் மேம்பாலத்தில் ஏறிவிட்டோம். அடுத்த பாலம் வரை போய், அடியில் திரும்பி வந்தோம்.

அதனால் பழக்கிக்கொள்ள வேண்டியது இது. உங்கள் ஊர்ப்பெயர் போட்ட முதல் பச்சைப் பலகை வந்ததுமே கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, இடது தடத்துக்கு வந்துவிடுங்கள். இறங்குமிடத்தைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். அடுத்த பாலத்தில் திரும்பலாம். நெடுஞ்சாலையில் ரிவர்ஸ் எடுப்பதையும், எதிர்த்திசையில் ஓரமாக வருவதையும் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். ஐந்து கிலோமீட்டர் டீசல் மிச்சமாகும் என்று அப்படி வந்தவர்களால் எத்தனையோ வீடுகள் இருண்டு கிடக்கின்றன.

இன்னொன்று, ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. திண்டிவனத்துக்கு முன்னால் டோல்கேட் இருப்பதும் ஆத்தூர், சேலம் மாவட்டத்தில் பெரிய ஊராக இருப்பதும் ஆத்தூர், தூத்துக்குடிப் பக்கமும் ஓர் ஆத்தூர். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு திருப்பத்தூர், தனி மாவட்டமாகவே ஒரு திருப்பத்தூர். பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் தூரத்தையும் பார்த்தால்தான் எந்த ஊர் என்பது உறுதியாகும்.

கல்லைப் படிப்பது

மைல் கணக்கு போய்ப் பல காலம் ஆகிவிட்டது. நாம் இன்னும் மைல்கல் என்றே சொல்கிறோம். அந்தக் கல்லின் வளைந்த தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்போ நீலமோ இருந்தால் மாவட்டச் சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. பேச்சுவாக்கில் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது கல்லின் தலை மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறினால், எங்கோ ஒரு பிரிவில் தவறாகத் திரும்பிவிட்டோம் என்று அர்த்தம். மேப் சொல்வதற்கு முன்பே கல் சொல்லிவிடும்.

ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கல். ஐந்தாவது கிலோமீட்டருக்கு இன்னும் பெரிய கல், அதில் கூடுதல் ஊர்கள். இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவில் 200 மீட்டருக்கு ஒன்றாக நான்கு குட்டிக் கற்கள்: 2, 4, 6, 8. நான் அன்று இரவு புல்லுக்குள் பார்த்த 4, போன கிலோமீட்டர் கல்லிலிருந்து 400 மீட்டர் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. உதாரணத்துக்கு, 146ஆம் கல்லைத் தாண்டி அந்த 4 அருகில் நின்றால் உங்கள் விலாசம் 146/4. தெருப்பெயரும் கதவு எண்ணும் இல்லாத வெட்டவெளியில் இதுதான் கதவு எண்.

சிறு பாலங்களின் கைப்பிடிச் சுவரிலும் இதே மாதிரி 147/2 என்று பெயிண்டில் எழுதியிருப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாலத்தில் உள்ள 2, மீட்டர் கணக்கு இல்லை. 147ஆம் கிலோமீட்டரில் அது இரண்டாவது பாலம். போனில் சொல்லும்போது "கல்லில் 146/4" என்றோ "பாலத்தில் 147/2" என்றோ சேர்த்தே சொல்லுங்கள். 108க்கோ 1033க்கோ சொல்ல வேண்டியவை நான்கு: சாலை எண், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம், கல்லின் எண், கடைசியாகத் தாண்டிய டோல்கேட். அடிபட்டவர் பக்கத்தில் இருக்கும்போது யோசிக்க மூளை ஓடாது. அதனால் சும்மா போகும்போதே சொல்லிப் பழகுங்கள். மருமகனிடம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "இப்ப எங்கடா இருக்கோம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். விழுப்புரம் வரை முறைத்தான். அதற்குப் பிறகு நான் கேட்பதற்கு முன்பே சொன்னான்.

கல் நட்டு வழி சொல்வது நம்மிடம் பழைய வழக்கம். தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழி என்ற பழைய வணிகச் சாலையின் கல் ஒன்று கிடைத்திருக்கிறது, சுமார் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாவற்றாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று அதில் பொறித்திருக்கிறது. எழுத்துத் தெரியாதவர் வந்தால் என்ன செய்வார்? அவருக்காகவே அதே கல்லில் பெரிய குழி இரண்டும் சின்னக் குழி ஒன்பதும் குடைந்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பத்து, ஒன்பது ஒன்று. இருட்டில் விரலால் தடவினால்கூட எண்ணிவிடலாம். இதைவிட நல்ல வழிகாட்டிப் பலகையை நான் எங்கும் கண்டதில்லை. 2017இல் தமிழ்நாட்டுத் தேசிய நெடுஞ்சாலைக் கற்கள் சிலவற்றில் ஆங்கிலத்தை அழித்து இந்தியில் எழுதியபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. வண்டி நின்றுபோனால் உதவிக்கு ஓடிவருபவர் அந்த ஊர்க்காரர். அவருக்குப் புரியும் எழுத்து கல்லில் இருக்க வேண்டும் என்பதே என் எண்ணமும். படிக்கவே தெரியாதவரையும் நினைத்துப் பார்த்தவர்கள் நம் ஊரில் இருந்திருக்கிறார்கள்.

சாலை எண்ணே பாதி வரைபடம்

2010இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் போட்டார்கள். பழைய 7 இப்போது 44. பழைய 47 இப்போது 544. பெரியவர்கள் இன்னும் பழைய எண்ணையே சொல்வார்கள், அதனால் வழி கேட்கும்போது ஊர்ப்பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.

புது எண்ணில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வடக்கு தெற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்குக் கடற்கரையை ஒட்டித் தூத்துக்குடிக்குப் போவது 32. தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாக மானாமதுரைக்கு 36. ஓசூர், சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரிக்கு 44. கேரளக் கடற்கரையை ஒட்டி வருவது 66.

கிழக்கு மேற்காகப் போகும் சாலைக்கு ஒற்றைப்படை எண்; வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். கிருஷ்ணகிரி–திண்டிவனம் 77. சேலம்–உளுந்தூர்பேட்டை 79. கோவையிலிருந்து கரூர், திருச்சி வழியாகச் சிதம்பரம் 81. கோவையிலிருந்து திண்டுக்கல், திருச்சி, தஞ்சை வழியாக நாகப்பட்டினம் 83. கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டி 85. ராமேஸ்வரம் போவது 87. ஒரு தாளில் தமிழ்நாட்டை வரைந்து மேலிருந்து கீழே ஏணிப்படி மாதிரி இவற்றைப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு மறக்கவே மறக்காது.

மூன்று இலக்க எண் என்றால் கிளைச்சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையைச் சொல்லும். 44இலிருந்து சேலத்தில் பிரிந்து கோவை வழியாகக் கொச்சி போவது 544. 81இன் கிளையாகக் கோவையிலிருந்து ஊட்டிக்கு ஏறுவது 181.

ஒரே பயணத்தில் எண் மாறுவதும் உண்டு. தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை 32. அது அங்கே புதுச்சேரிப் பக்கம் திரும்பிவிடும். அங்கிருந்து விழுப்புரம் வரை 132. அதற்குப் பிறகு திருச்சி வரை 38. நேராகத்தானே வந்தோம், எண் ஏன் மாறியது என்று பதற வேண்டாம். துண்டுச் சீட்டில் ஊருக்குப் பக்கத்தில் இந்த எண்களையும் எழுதிவிடுங்கள்.

கூட்டுரோடு, விலக்கு, பிரிவு, கைகாட்டி

பலகையில் இல்லாத சொற்களும் வழி சொல்லும். சாலை பிரியும் இடத்தைச் செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கம் கூட்டுரோடு என்பார்கள், படாளம் கூட்டுரோடு மாதிரி. மதுரைக்குத் தெற்கே அதுவே விலக்கு. கொங்கில் பிரிவு, நான்கு சாலை சேர்ந்தால் நால்ரோடு. கைகாட்டி என்ற பெயரிலேயே பஸ் நிறுத்தங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே கையை நீட்டிய மாதிரி ஒரு வழிகாட்டிப் பலகை நின்றிருக்கும். பலகை போய்விட்ட இடங்களிலும் பெயர் நிற்கிறது.

"விலக்குல எடதுகைப் பக்கம் போங்க" என்று யாராவது சொன்னால் எதையும் விலக்கச் சொல்லவில்லை, அந்தப் பிரிவில் இடதுபக்கம் திரும்பச் சொல்கிறார். டீக்கடையில் கேட்கும்போது "நேராப் போனா திருச்சி வருமா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகவே பலர் ஆமாம் என்பார்கள். "அண்ணே, இந்த ரோடு எந்த ஊருக்குப் போவுது?" என்று கேளுங்கள். பதிலில் நீங்கள் சொல்லாத ஊர்ப்பெயர் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அப்படி வந்தால் நம்பலாம்.

ஆற்றுப்படைப் பாட்டொன்றில், முன்னால் போகிறவர்கள் வழி பிரியும் இடத்தில் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறது. பின்னால் வரும் புதியவர்கள் தவறிவிடக் கூடாதே என்று. இரண்டு வண்டியாகப் போகும்போது பிரிவில் முன்வண்டி கொஞ்சம் நின்று பின்வண்டியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதும் அதே காரியம்தான். தவறாமல் செய்யுங்கள்.

இருட்டிய பிறகு

ஹெட்லைட் பட்டு மினுங்கும் குமிழ்களுக்கும் நிறக்கணக்கு உண்டு. இடது ஓரம் சிவப்பு, தடங்களுக்கு நடுவில் வெள்ளை, வலதில் மீடியனை ஒட்டி மஞ்சள். பச்சை மினுங்கினால் அங்கே ஒரு சாலை சேருகிறது அல்லது பிரிகிறது. மழையில் கோடுகள் மறைந்துபோனாலும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவிலேயே போனால் சாலையில்தான் இருக்கிறீர்கள். வலதில் சிவப்பு தெரிந்தால் எதிர்த்தடத்தில் ஏறிவிட்டீர்கள். உடனே வேகத்தைக் குறைத்து, ஹசார்டு விளக்கைப் போட்டு, ஓரம் கட்டுங்கள்.

பாலத்தின் முனையிலும் மீடியன் தொடங்கும் இடத்திலும் மஞ்சள் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகை நிற்கும். கோடுகள் எந்தப் பக்கம் கீழே இறங்குகிறதோ அந்தப் பக்கமாக வண்டி போக வேண்டும். கோடு வழிகிற பக்கம் வண்டி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

மலை ஏறும்போது

மலையில் போன் சிக்னலை நம்ப முடியாது. அங்கே கொண்டை ஊசி வளைவின் எண்தான் விலாசம். கொல்லிமலையில் 70 வளைவு, வால்பாறைச் சாலையில் 40, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. ஒவ்வொரு வளைவிலும் பலகையில் எண் இருக்கும், 9/40 என்கிற மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். வண்டி நின்றுவிட்டால், இறங்கிவரும் பஸ் டிரைவரிடம் "பதினாலாவது வளைவுல நிக்கிறோம்ணே, கீழ சொல்லிடுங்க" என்று சொன்னால் போதும், செக்போஸ்ட்டில் சொல்லிவிடுவார். குறுகலான இடத்தில் எதிரே வண்டி வந்தால் மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. நீங்கள் இறங்குகிறவராக இருந்தால், முந்தின வளைவின் அகலத்திலேயே ஒதுங்கி நின்று அவரை விட்டுவிட்டு இறங்குங்கள்.